மூன்றாம் எண் சங்கிலி

செப்டம்பர் இருபதாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, பெரிய மேஜைக்குப் பின்னால் எங்கள் முதலாளி நாகேந்திரன். அவர் முன்னால் அவருடைய லேப்டாப் திறந்திருந்தது. அவருக்கு வலப்பக்கம், சுவரோரக் கம்ப்யூட்டர் முன்னால் எங்கள் டைப்பிஸ்ட் ஹில்டா. கதவை ஒட்டிய ஸ்டூலில் சோதனை மெஷின் ஓட்டும் பூபாலன், எழுந்து போகத் தயாராக இருப்பவனைப்போல ஒரு காலை வெளியே நீட்டியபடி. முதலாளிக்கு எதிர் நாற்காலியில் நான், பால்ராஜ். மேஜையின் நடுவில், கண்ணாடிப் பேப்பர்வெயிட்டுக்கு அடியில், தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்று. செப்டம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் பூபாலனின் கோணல் எழுத்து இருந்தது. ‘1 பாஸ். 2 பாஸ். 3 – எட்டாவது கண்ணி, செவப்பு கோடு, நெல்லு நீளம். ஃபெயில். 4 பாஸ்.’

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கிறது எங்கள் சோதனைக்கூடம். கிரேனில் பாரம் தூக்கும் சங்கிலி, கொக்கி, இரும்புக் கயிறு இவற்றை வருஷத்துக்கு ஒரு தடவை இழுத்துப் பார்த்துச் சான்றிதழ் தருவது எங்கள் வேலை. மூன்று டன் தூக்கும் சங்கிலியை ஆறு டன்னுக்கு இழுப்பான் பூபாலன். பிறகு சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடிப்பான். விரிசல் இருந்தால் அந்த வெள்ளையில் சிவப்பாக ஒரு கோடு கசிந்து எழும். எழுந்தால் அந்தச் சங்கிலியின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

பாடியில் உள்ள ஒரு ஃபவுண்டரியிலிருந்து நான்கு சங்கிலிகள் வந்திருந்தன. செவ்வாய்க்கிழமை பூபாலன் இழுத்தான். அன்று மாலையே அவனுக்கு மெட்ராஸ் ஐ வந்து வீட்டோடு கிடந்தான். புதன்கிழமை சங்கிலிகளை வாடகை வேனில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்தான். நான்கிலும் பச்சை அட்டை தொங்கியது.

ஃபவுண்டரியில் அவற்றை இறக்கிக்கொண்டவர் உத்தமன் என்ற தொழிலாளி. உருக்கு ஊற்றும் பெரிய அச்சுப் பெட்டிகளுக்குச் சங்கிலி மாட்டிவிட்டு, கிரேன்காரனுக்குக் கை காட்டுவது அவர் வேலை.

“இன்னா அண்ணாத்தே, இந்தத் தபா எதுனா கழிச்சுவுட்டியா?” என்றார்.

“நாலும் பாஸ்.”

“யாரு சொன்னா?”

“சான்றிதழ் சொல்லுது. கீழே என் கையெழுத்து இருக்கு பாருங்க.”

“அப்ப சர்தான். அது மேல தொங்கினு இருக்கசொல்ல கீய நிக்கறவன் நானு. உன் கையெய்த்தத்தான் நம்பினு நிக்கறேன்.” சிரித்துவிட்டு, கடைசியாக இறக்கிய சங்கிலியை மாட்டைத் தட்டுவதுபோல இரண்டு தட்டுத் தட்டினார். அது மூன்றாம் எண்ணா, நான்காம் எண்ணா என்று நான் கவனிக்கவில்லை. இப்போது அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

பத்து நாள் கழித்து, இந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூபாலன் வேலைக்கு வந்தான். கண் இன்னும் சிவந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை வைத்த கையோடு கேட்டான்.

“அந்த மூணாம் நம்பர இன்னா பண்ணானுங்கோ அண்ணாத்தே? பயய இரும்புக்குப் போட்டுட்டானுங்களா?”

“எந்த மூணாம் நம்பர்?”

அவன் திரும்பி நடந்தான். மெஷின் பக்கத்தில் ஒரு குத்தூசிக் கம்பி உண்டு. தினமும் காலையில் அன்றைய தேதித் தாளையே காலண்டரிலிருந்து கிழித்து, அதன் முதுகில் அன்றைய அளவுகளை எழுதி, ஹில்டா டைப் செய்து முடித்ததும் அந்தக் கம்பியில் குத்திவிடுவது அவன் பழக்கம். கம்பியிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். நான் படித்தேன். சான்றிதழின் நகலை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் எண், பாஸ். விரிசல் இல்லை. தேதி, செப்டம்பர் ஒன்பது. கீழே என் கையெழுத்து.

அந்தக் கையெழுத்து நான் பேனாவால் போட்டதல்ல. என் கையெழுத்தைப் படமெடுத்து ஃபைலுக்குள் வைத்திருக்கிறார்கள். பிரிண்ட் எடுக்கும்போது அது தானாக விழும். தேதியும் அப்படித்தான்: பிரிண்ட் எடுக்கிற நாள் எதுவோ அது. எங்கள் வழக்கம் என்னவென்றால், ஒரு கம்பெனியின் சங்கிலி வந்தால் அதன் போன வருஷ ஃபைலைத் திறப்போம்; அளவுகளை மட்டும் அழித்துப் புதியதை அடித்து, அதே பெயரில் சேமிப்போம். பாஸ் என்றால் பச்சை அட்டை, ஃபெயில் என்றால் சிவப்பு அட்டை, அதையும் பிரிண்டரே துப்பிவிடும். மாலை ஐந்து மணிக்கு அன்றைய எல்லாவற்றையும் மொத்தமாக அச்சடிப்போம். எட்டு வருஷமாக இதில் ஒரு பிசகும் வந்ததில்லை.

நகலில் இருந்த அளவுகளைப் போன வருஷத்துப் பழைய காகிதக் கட்டோடு ஒப்பிட்டேன். கடைசிப் புள்ளிவரை ஒன்றாக இருந்தன. போன வருஷத்து அளவுகள் இந்த வருஷத்துத் தேதியைப் போட்டுக்கொண்டு வெளியே போயிருக்கின்றன.

ஒன்பதே முக்காலுக்கு ஃபவுண்டரிக்கு போன் செய்தேன். பாதுகாப்பு அதிகாரி கலியமூர்த்தி எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“சங்கிலி நாலும் ஸ்டோர்லதான் சார் இருந்துது. இன்னிக்கு செகண்ட் ஷிஃப்ட்ல எடுக்கறோம். பழசையெல்லாம் காலையிலயே கழட்டியாச்சு. ரெண்டேகாலுக்குப் பெரிய பெட்டி தூக்கணும்.”

“மூணாம் நம்பரை எடுக்காதீங்க.”

“போன்ல சொன்னா எப்படி சார்? எதுனா எழுத்துல அனுப்புங்க.”

ஃபைலில் மூன்றாம் எண்ணை ஃபெயில் என்று திருத்தச் சொல்லி, ஹில்டாவை உடனே மெயில் அனுப்பவைத்தேன். பத்து இருபதுக்குக் கலியமூர்த்தியே கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இருந்தது.

“என்ன சார் வெளையாட்டு? மெயில்ல ஃபெயில்னு எழுதியிருக்கீங்க. கூட வந்ததத் தொறந்தா பாஸ்னு இருக்கு.”

ஹில்டாவின் திரையைப் போய்ப் பார்த்தேன். மெயிலோடு போனது ஃபைல் இல்லை, ஃபைல் இருக்கும் இடத்துக்கு லிங்க் என்கிற ஒரு வழி மட்டும். அந்த வழியில் அவர் போய்ச் சேர்வதற்குள் உள்ளே இருந்தது மாறியிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், எல்லாம் சரியாக இருக்கிறது என்று.

அதற்குள் முதலாளி வந்து லேப்டாப்பைத் திறந்திருந்தார். பத்தரைக்கு நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம்.

“ஹில்டா சேவ் பண்ணியிருக்க மாட்டா,” என்றார் நாகேந்திரன். “ஒரு மாசமா இதே கதைதான்.”

ஒரு மாதமாக அதே கதைதான். அளவுகளைக் காணோம், நேற்று அடித்தது இன்றைக்கு இல்லை என்று ஹில்டா சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்கள் அவளைக் கேலி செய்தோம். கொரட்டூரிலிருந்து ரயிலில் தூங்கிக்கொண்டே வருகிறவள், தூக்கத்திலேயே டைப் அடிக்கிறாள் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

“மாதா மேல சத்தியமா சேவ் பண்ணேன் சார். பச்ச டிக் விழற வரைக்கும் பாத்துட்டுத்தான் எழுந்திரிச்சேன்.”

“பச்சை டிக் விழுந்தா எப்படிம்மா மாறும்? அதுக்குத்தானே அந்த சாஃப்ட்வேரே வாங்கினோம்?”

ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் முதலாளியின் லேப்டாப்பிலும் ஒரே ஃபோல்டர் உண்டு. இரண்டையும் கிளவுட் வழியாக ஒன்றுபோல வைத்திருப்பது அந்த சாஃப்ட்வேரின் வேலை. எந்த ஃபைலின் தேதி புதியதோ அதையே இரண்டிலும் வைக்கும்; இரண்டும் ஒத்துப்போய்விட்டால் பச்சை டிக்.

“நீங்களே பாருங்க சார்,” என்றாள் ஹில்டா.

திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். மூன்றாம் எண்ணுக்கு எதிரே ‘ஃபெயில்’ என்று அடித்தாள். சேமித்தாள். பெயருக்குப் பக்கத்தில் நீல அம்பு ஒன்று சுற்றியது, பிறகு பச்சை டிக். ஃபைலை மூடினாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று பின்னோக்கி வரும் கூவல் கேட்டது. நான்காவது நிமிஷத்தில், யாரும் எதையும் தொடாமலே, நீல அம்பு மறுபடி சுற்றியது. பச்சை டிக். ஹில்டா திறந்தாள். பாஸ்.

பூபாலன் ஸ்டூலிலிருந்து எழுந்தான். “இன்னாடா இது? எவன்டா உள்ள குந்திகினு மாத்தறான்?”

இன்னொரு தடவை செய்தாள். மூன்று நிமிஷம். பாஸ். மூன்றாவது தடவையும் அடித்தாள். அதுவும் திரும்பி வந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு முந்தைய ஆரோக்கியமான எட்டாவது கண்ணி, நாங்கள் எத்தனை தடவை விரிசல் என்று எழுதினாலும் தன்னைத் தானே சரி செய்துகொண்டு எங்களைப் பார்த்தது.

“சரி,” என்றார் நாகேந்திரன். நெற்றி வேர்த்திருந்தது. “திங்கக்கிழமை ஆள வரவெச்சு சாஃப்ட்வேர சரி பண்ணிட்டு, ஒழுங்கா ஒரு ரிவைஸ்ட் சர்டிபிகேட் அனுப்பிடலாம்.”

“ரெண்டேகாலுக்குத் தூக்கறாங்க சார்.”

“உடனே அறுந்துடுமா பால்ராஜ்? ஆறு டன்னுக்கு இழுத்தப்பவே அறுகலியே. மூணு டன்தானே தூக்கறாங்க?”

பூபாலன் முந்திக்கொண்டான். “மொதலாளி, அந்த ஆறு டன்னுலதான் கோடு தொறந்துச்சு. இன்னிக்குத் தூக்கலாம், நாளைக்குத் தூக்கலாம். என்னிக்குனு அந்தக் கண்ணிக்குத்தான் தெரியும். நீ போயி கீய நில்லு, நான் தூக்கறேன்.”

“டேய், பேச்சைக் குறை.”

“கொறைக்கறேன். கீய நிக்கறவன் என் பேட்டக்காரன். அவனாண்ட போயி இன்னா சொல்றது? கம்ப்யூட்டர் பாஸ் சொல்லிச்சு, நீ நில்லு மாமேன்னு சொல்லவா?”

நான் பையிலிருந்து என் டைரியை எடுத்தேன். ஹில்டா குறை சொல்லத் தொடங்கியதிலிருந்து, அவள் சொன்ன நேரங்களை அதில் குறித்து வைத்திருந்தேன். அவளுடைய தவறை நிரூபிக்கத்தான் குறித்தேன், அதை மறைக்க மாட்டேன். இப்போது வேறு கண்ணோடு பார்த்தபோது ஒன்று தெரிந்தது. எல்லாம் காலை பத்தேகாலிலிருந்து பதினொன்றுக்குள், அல்லது மாலை நாலரையை ஒட்டி. முதலாளி லேப்டாப்பைத் திறக்கும் நேரங்கள் அவை. ஆகஸ்ட் கடைசியில் முதலாளி திருப்பதி போயிருந்த மூன்று நாளும் ஒரு ஃபைல்கூட மாறவில்லை.

“சார், உங்க லேப்டாப்ல இன்னிக்கு என்ன தேதி?”

“என்ன கேள்வி இது? இருபது.”

“திரையில பாத்துச் சொல்லுங்க.”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூலையில் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று. நான் எழுந்து அவர் பின்னால் போய் நின்றேன். டிசம்பர் பதினெட்டு.

“நடுவுல லேப்டாப்ப ரிப்பேருக்குக் குடுத்தீங்களே, அது எப்ப?”

“பூந்தமல்லியில... ஆகஸ்ட் பதினொண்ணு.”

பதினொன்றாம் தேதியை முதலில் போட்டு, எட்டாம் மாதத்தை அடுத்துப் போட்டிருக்கிறான் அந்தக் கடைக்காரன், நாம் எல்லோரும் எழுதுகிற மாதிரி. அந்தப் பெட்டியோ மாதத்தை முதலில் கேட்கிற பெட்டி. பதினொன்றாம் மாதம், எட்டாம் தேதி என்று எடுத்துக்கொண்டு, நாற்பது நாளில் டிசம்பர் பதினெட்டுக்கு வந்துவிட்டது. ரிப்பேர் செய்த அன்றைக்கே பென் டிரைவிலிருந்து ஃபோல்டர் முழுவதையும் லேப்டாப்பில் திரும்ப ஏற்றிக் கொடுத்திருக்கிறான். ஆகவே அதில் இருந்த ஒவ்வொரு பழைய ஃபைலுக்கும் நவம்பர் எட்டு என்று முத்திரை விழுந்தது. நாங்கள் செப்டம்பரில் எதை அடித்தாலும் அந்த சாஃப்ட்வேருக்கு அதுதான் பழசு. லேப்டாப் திறக்கிற ஒவ்வொரு தடவையும், புதியது என்று நினைத்துப் பழையதைக் கொண்டுவந்து எங்கள் எழுத்தின்மேல் வைத்திருக்கிறது. கடைசியில் பச்சை டிக் போட்டிருக்கிறது. அதன் கணக்கில் அது தவறே செய்யவில்லை.

நாகேந்திரன் லேப்டாப்பை அறைந்து மூடினார்.

“இனி மூடி என்ன சார்?” என்றாள் ஹில்டா, மெதுவாக. “இதுவரைக்கும் மாத்தினது மாத்தினதுதானே.”

ஆகஸ்ட் பதினொன்றிலிருந்து இதுவரை எத்தனை கம்பெனி வந்து போயிருக்கும் என்று நாலு பேரும் ஒரே சமயத்தில் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. ஆவடி, திருமழிசை, பாடி. எத்தனை கொக்கி, எத்தனை சங்கிலி. எதற்கெல்லாம் சிவப்பு அட்டை விழுந்திருக்க வேண்டும்.

“பூபாலா, ஆகஸ்ட் தாளெல்லாம் எங்கே?” என்று கேட்டேன்.

“மாசம் முடிஞ்சா தூக்கிப் போட்டுருவனே அண்ணாத்தே. கம்பி ரொம்பிடும்ல?” அவன் குரல் இறங்கிவிட்டது. “செப்டம்பர் மட்டுந்தான் கீது. அதுவும் நான் லீவு போடற வரிக்கும்.”

நான் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தேன். நாகேந்திரன் என் கையைப் பார்த்தார்.

“என்ன எழுதப் போறே?”

“கலியமூர்த்திக்குக் கடிதம். கையால.”

“பால்ராஜ், யோசி. ஒரு சர்டிபிகேட் தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா, மத்ததையும் கேப்பாங்க. அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன். கடைய மூடணும். நீயும் நானும் மட்டுமில்ல, ஹில்டா, இவன், எல்லாரும் வெளியே.”

“தெரியும் சார்.”

அவர் பேப்பர்வெயிட்டின் மேல் கையை வைத்தார். “இது ரெக்கார்டே இல்ல. காலண்டர் கிழிச்ச தாள்.”

பூபாலன் மேஜைக்கு அருகில் வந்தான். தொடவில்லை. “மொதலாளி. கைய எடு.”

நாகேந்திரன் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, என் பையனின் காலேஜ் அட்மிஷனுக்கு நடையாய் நடந்தவர். அந்தக் கை அங்கேயே இருந்தது. ஒரு நிமிஷம் இருந்திருக்கும்.

“கீழே நிக்கறவர் பேரு உத்தமன்,” என்றேன். “என் கையெழுத்தை நம்பி நிக்கறேன்னு சொன்னார். அன்னிக்கு நான் கையெழுத்தே போடல சார். இன்னிக்குத்தான் போடப் போறேன்.”

அவர் கையை எடுத்தார். நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். “நான் அனுப்பச் சொல்லல,” என்றார் ஜன்னலிடம். “அதையும் எழுதிக்கோ.”

மணி பன்னிரண்டு ஐந்து. வந்தவாசியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வரிசையில்தான் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. அவசரத்தில் கை அந்த வரிசையைத்தான் பிடித்துக்கொண்டது.

‘பொருள்: மூன்றாம் எண் சங்கிலியை உடனே நீக்கக் கோருதல். பார்வை: எமது செப்டம்பர் 9 தேதியிட்ட சான்றிதழ். ஐயா, மேற்கண்ட சான்றிதழில் மூன்றாம் எண்ணுக்கு எதிரே காண்பவை சென்ற ஆண்டின் அளவுகள். இந்த ஆண்டுச் சோதனையில் அதன் எட்டாவது கண்ணியில் விரிசல் காணப்பட்டது. சோதனை செய்தவர் அன்றே எழுதிய அசல் தாளை இணைத்துள்ளேன். அதன் முகப்பில் தேதி அச்சாகியுள்ளது. அந்தச் சங்கிலியின் கீழ் எவரும் நிற்கக் கூடாது. மின்னஞ்சலிலோ திரையிலோ இதற்கு மாறாக எது தெரிந்தாலும் அதை நம்ப வேண்டாம். ஆகஸ்ட் 11 முதல் எங்களிடமிருந்து வந்த பிற சான்றிதழ்களையும் மறுபடி சோதிக்கும்வரை நம்ப வேண்டாம்.’

கடைசி வாக்கியத்தை எழுதுவதற்கு முன்னால் பேனா நின்றது. முதலாளியின் முதுகைப் பார்த்தேன். பிறகு எழுதினேன். கையெழுத்தைப் போட்டேன், முழுப் பெயரோடு. ஃபைலில் இருக்கும் கையெழுத்தைவிட அது கோணலாக இருந்தது. வட்ட முத்திரை முதலாளியின் டிராயரில் இருந்தது. நான் கேட்கவில்லை, அவர் கொடுக்கவில்லை.

எதிர்க் கடையில் காலண்டர் தாளை இருபக்கமும் ஜெராக்ஸ் எடுத்து வந்தாள் ஹில்டா. நகலை என் டைரியில் வைத்தேன். அசலை இந்த அறையில் விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

உத்தமனின் செல்லுக்குப் பூபாலன் மூன்று தடவை அடித்தான். மணி போயிற்று, எடுக்கவில்லை. “சீக்கிரமே போய்க்கீறான். உள்ள போனா லாக்கர்ல வெச்சிடுவான்,” என்றான். கலியமூர்த்தியின் எண்ணை நான் அடித்தேன். சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். கடிதம் வருகிறது, அவர் கையெழுத்துப் போட்டு வாங்கும்வரை சங்கிலியை எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். சொல்கிறேன் என்றது குரல். பெயர் கேட்டேன், வைத்துவிட்டார்கள்.

என்னிடம் வண்டி இல்லை. ஷேர் ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் ஷிஃப்ட் மாறிவிடும். பூபாலன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

“பாலத்தாண்ட டிராஃபிக் கீது. உள்ளால பூந்து போறேன்.”

“கேட்ல கொடுத்துட்டு வராதே. கலியமூர்த்தி கையில. தபால் நோட்டுல அவர் கையெழுத்து, நேரம், ரெண்டும் வேணும். அவர் இல்லைன்னா கிரேன் கிட்டயே போயிடு. உத்தமனைப் பேர் சொல்லிக் கூப்பிடு.”

“நான் கூவினா பாடி பூரா கேக்கும், வா.”

கடிதத்தை மூன்றாக மடித்து, காலண்டர் தாளை நடுவில் வைத்துப் பழுப்பு உறையில் போட்டேன். பசை தடவினேன். உறையின் வாயை விரலால் நீவி, ஓரங்களை இரண்டு தடவை அழுத்தினேன். ஒட்டிய இடத்தின்மேல் குறுக்காக ஒரு கையெழுத்து. தபால் நோட்டில் வரிசை எண், பெறுநர், புறப்பட்ட நேரம் பன்னிரண்டு ஐம்பத்தைந்து என்று எழுதினேன்.

நோட்டைப் பூபாலனிடம் கொடுக்கும்போது ஹில்டா, “அண்ணா,” என்றாள். அவள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி லேப்டாப்பை மூடியிருந்தார். மூடின லேப்டாப் எல்லாம் தூங்கிவிடுவதில்லை. நீல அம்பு சுற்றிக்கொண்டிருந்தது.

பூபாலன் உறையைச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகி, மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு படியிறங்கினான். வண்டி முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவது உதையில் கிளம்பியது. கேட்டைத் தாண்டி, லாரிகளுக்கு நடுவே, பாடிப் பக்கம் திரும்பினான்.